தகர டப்பாவும் பாகுப் புட்டியும்: ஓர் உணவு ஒப்பீடு

முன்னுரை

ஒப்பிட்டு ஆராய்தல் இலக்கியத்திற்கு மட்டுமே உரிய முறையன்று. இரண்டு நூல்களை அருகருகே வைத்துக் கற்கும்போது, தனித்தனியே கற்றபோது புலப்படாத இயல்புகள் புலப்படுதல் போல, இரண்டு உணவுப் பொருள்களை அருகருகே வைத்து நோக்கும்போதும் அவற்றின் உண்மை இயல்பு விளங்கும். டப்பாவில் அடைக்கப்பட்ட தக்காளி, பான்கேக் பாகு என்னும் இரண்டு பொருள்களை அவ்வாறு ஒப்பிட்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரண்டும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லங்களில் அன்றாடம் புழங்குவன. பான்கேக் என்பது மாவும் முட்டையும் பாலும் கலந்து கரைத்து, நம் ஊத்தப்பத்தைப் போலத் தடிப்பாகச் சுட்டெடுக்கும் காலைச் சிற்றுண்டி. அதன்மேல் ஊற்றி உண்ணும் இனிப்புக் குழம்பே பான்கேக் பாகு. டப்பாத் தக்காளியோ தோல் உரித்து, சாற்றோடு அடைத்து, சூடேற்றி மூடப்பெற்றது. குழம்பு, சூப்பு, இறைச்சிக் கறி ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் உதவுவது.

தொடர்பில்லாத இரண்டு பொருள்களை ஏன் ஒப்பிட வேண்டும் என்னும் வினா எழலாம். இவ்விரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. 1967ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உணவு வங்கி ஒன்றை நிறுவினார். வீணாகப் போகும் உணவைத் திரட்டி, இல்லாதவர்க்கு வழங்குவது அதன் பணி. அம்முறை பின்னர் அந்நாடெங்கும் பரவியது. பொதுமக்கள் இத்தகைய வங்கிகளுக்குக் கொடுப்பவை பெரும்பாலும் நெடுநாள் கெடாத பொருள்கள். டப்பாத் தக்காளியும் கெடாது, பாகும் கெடாது. இரண்டும் விலை மலிந்தவை, இரண்டும் கனமானவை. வந்து சேர்ந்த கொடையை அவ்வங்கிகள் எடையிட்டுக் கணக்கெழுதும்போது, ஒரு பவுண்டு தக்காளியும் ஒரு பவுண்டு பாகும் ஒரே எண்ணாகவே ஏட்டில் ஏறுகின்றன. எடையால் நிகரான இவை, உண்பவர் உடலுக்கும் நிகரானவையா? இவ்வினாவிற்கு விடை காண்போம்.

டப்பா பிறந்த வரலாறு

உணவை அடைத்துக் காக்கும் கலைக்கு வழிகாட்டியவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர். வாய் அகன்ற கண்ணாடிப் புட்டிகளில் உணவை இட்டு, காற்றுப் புகாதபடி தக்கையால் அடைத்து, கொதிநீரில் வேகவைத்தால் அது நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதைப் பல்லாண்டுச் சோதனைகளால் அவர் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் பீட்டர் டூரண்டு என்பார், கண்ணாடிக்கு மாற்றாகத் தகரம் பூசிய இரும்புக் கலத்தைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை பெற்றார். உணவு ஏன் கெடவில்லை என்னும் காரணம் அப்பேருக்குத் தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்பதையும், வெப்பம் அவற்றை அழிக்கின்றது என்பதையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து லூயி பாஸ்டர் விளக்கினார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. டப்பாவில் அடைத்தல் என்பது அடிப்படையில் காக்கும் தொழில். உள்ளே இட்ட பொருளே வெளியே வருகின்றது. இயற்கையிலேயே புளிப்புடைய தக்காளி இத்தொழிலுக்கு மிகவும் இசைந்த கனி. புளிப்பு மிகுந்த இடத்தில் கொடிய நஞ்சுண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவது அரிது. ஆகவேதான் தொழிற்சாலைகளில் தக்காளியோடு சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பை உறுதி செய்கின்றனர். துண்டுகள் குழைந்துவிடாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பதும் உண்டு. சுவைக்கு உப்பு இடுவதும் உண்டு. ஒரு டப்பாவின் ஒட்டுச்சீட்டைப் படித்தால், தக்காளி, தக்காளிச் சாறு, உப்பு, சிட்ரிக் அமிலம், கால்சியம் குளோரைடு என ஐந்து பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடுதலைப் பெரும்பாலும் காணலாம்.

அமெரிக்காவில் தொழிற்சாலைக்குச் செல்லும் தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கலிபோர்னியா மாநிலத்தில் விளைகின்றது. கோடைக் காலத்தில் செடியிலேயே பழுத்துச் சிவந்த பின்னர்ப் பறித்து, விரைவில் ஆலைக்குக் கொண்டு சென்று அடைத்துவிடுகின்றனர். தொலைவிலுள்ள சந்தைக்காகக் காயாகப் பறித்து, வழியில் பழுக்க வைக்கும் தக்காளியினும் இது சுவையில் மேம்பட்டிருத்தல் உண்டு. 'டப்பாவில் அடைத்தது' என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளைத் தாழ்வாகக் கருதுதல் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும்.

பாகு பிறந்த வரலாறு

பாகின் வரலாறு வேறு வகையானது. வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள், குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் நாள்களில் மேப்பிள் மரத்தின் அடிப்பகுதியில் துளையிட்டு, வடியும் நீரைச் சேர்த்துக் காய்ச்சினர். பனை மரத்துப் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் நம்மவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஏறத்தாழ நாற்பது லிட்டர் மரநீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். எனவே அது விலையுயர்ந்த பொருளாகவே என்றும் இருந்து வந்துள்ளது.

விலையைக் குறைக்க வணிகம் ஒரு வழி கண்டது. 1887ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகர மளிகை வணிகர் பாட்ரிக் டௌல், மேப்பிள் பாகோடு கரும்புச் சர்க்கரைப் பாகைக் கலந்து 'லாக் கேபின்' என்னும் பெயரில் விற்கத் தொடங்கினார். மரக்குடிசை வடிவில் அமைந்த தகர டப்பாவில் அது விற்கப்பட்டது. காலப்போக்கில் இத்தகைய கலவைப் பாகுகளில் மேப்பிளின் பங்கு குறைந்துகொண்டே வந்து, பல வகைகளில் அறவே மறைந்தது. அவ்விடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது.

மக்காச்சோள மாவுச்சத்தை அமிலத்தாலோ நொதியாலோ சிதைத்தால் குளுக்கோஸ் மிகுந்த பாகு கிடைக்கும். குளுக்கோஸ் கரும்புச் சர்க்கரையைவிட இனிப்புக் குறைந்தது. 1957ஆம் ஆண்டில் ரிச்சர்டு மார்ஷல், ஏர்ல் கூயி என்னும் இரு அறிவியலார், குளுக்கோஸை இனிப்பு மிகுந்த பிரக்டோஸாக மாற்றும் நொதி ஒன்றைப் பற்றி அறிவித்தனர். ஜப்பானிய அறிவியலார் அதனைத் தொழில் முறைக்கு ஏற்றதாக வளர்த்தெடுத்தனர். அறுபதுகளின் பிற்பகுதியில் பிரக்டோஸ் மிகுந்த மக்காச்சோளப் பாகு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இன்று கடைகளில் உள்ள மலிவான பான்கேக் பாகுகள் பலவற்றில் முதல் இரண்டு பொருள்கள் மக்காச்சோளப் பாகும் பிரக்டோஸ் மிகுந்த மக்காச்சோளப் பாகுமே. அவற்றோடு நீர், குழைமம் தரும் செல்லுலோஸ் பசை, பழுப்பு நிறம் தரும் கேரமல், உப்பு, கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட், மணமூட்டிகள் ஆகியவை சேர்கின்றன.

அம்மணத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 2005ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரின் சில பகுதிகளில் அவ்வப்போது மேப்பிள் பாகின் மணம் காற்றில் மிதந்து வந்து மக்களை வியப்பிலும் அச்சத்திலும் ஆழ்த்தியது. அதன் மூலத்தை 2009ஆம் ஆண்டில் நகர நிர்வாகம் கண்டறிந்து அறிவித்தது. ஆற்றின் அக்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தில், மணப்பொருள் ஆலை ஒன்றில் பதப்படுத்தப்பட்ட வெந்தயமே அதற்குக் காரணம்! வெந்தயத்திலும் மேப்பிள் பாகிலும் சொட்டோலோன் என்னும் ஒரே மணப்பொருள் உள்ளது. நம் அஞ்சறைப் பெட்டியின் வெந்தயம், அங்கே மேப்பிள் மணமூட்டி செய்வதற்குப் பயன்பட்டு வருகின்றது. மரம் இல்லாத பாகில் மரத்தின் நினைவை எழுப்புவதற்குச் செடியின் விதை துணை செய்கின்றது எனலாம்.

பெயரும் பொருளும்

ஒரு சொல் எப்பொருளைக் குறிக்க வேண்டும் என்பதை இலக்கணம் வரையறுத்தல் போல, அமெரிக்க அரசின் உணவு விதிகளும் சில உணவுப் பெயர்களுக்கு இலக்கணம் வகுத்துள்ளன. மேப்பிள் பாகு என்று பெயரிட வேண்டுமாயின், மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிச் சுண்ட வைத்ததாக அது இருத்தல் வேண்டும். கரைந்த திடப்பொருள் எடையில் 66 விழுக்காட்டுக்குக் குறைதல் கூடாது. டப்பாத் தக்காளிக்கும் இத்தகைய இலக்கணம் உண்டு. எனவே மக்காச்சோளத்திலிருந்து செய்த பாகினை 'மேப்பிள் பாகு' என்று விற்க இயலாது. 'பான்கேக் பாகு' என்னும் பெயர் இவ்விடத்தில்தான் தோன்றுகின்றது. அப்பெயரை உற்று நோக்குக. அது எதனால் ஆனது என்பதைச் சொல்லவில்லை. எதன்மேல் ஊற்றுவது என்பதை மட்டுமே சொல்கின்றது. 'தக்காளி' என்னும் பெயரோ தன் மூலத்தைத் தானே சொல்கின்றது. ஒப்பீட்டின் முதற்படியாகிய பெயரிலேயே இவ்விரண்டின் வேறுபாடும் தொடங்கிவிடுகின்றது.

நூறு கிராமில் உள்ளவை

இனிச் சத்துகளை நோக்குவோம். அமெரிக்க வேளாண்துறை தொகுத்துள்ள உணவுச் சத்து அட்டவணைகளை ஒட்டி, ஏறத்தாழ்ந்த அளவுகள் இங்குத் தரப்படுகின்றன. நிறுவனத்திற்கு நிறுவனம் இவை சற்று மாறுபடும்.

நூறு கிராம் டப்பாத் தக்காளியில் 93 கிராமுக்கு மேல் நீரே உள்ளது. அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 17 கலோரி. கார்போஹைட்ரேட் 4 கிராம் அளவில் உள்ளது. அதில் இயற்கைச் சர்க்கரை 2.5 கிராம், நார்ச்சத்து 1 முதல் 2 கிராம். பொட்டாசியம் ஏறத்தாழ 190 மில்லிகிராம், கால்சியம் 33 மில்லிகிராம், வைட்டமின் சி 9 முதல் 13 மில்லிகிராம் வரை உள்ளன. பச்சைத் தக்காளிப் பழத்தில் கால்சியம் 10 மில்லிகிராமே. டப்பாவில் அது கூடியிருப்பதற்குத் துண்டுகளை உறுதிப்படுத்தச் சேர்த்த கால்சியம் குளோரைடே காரணம்.

நூறு கிராம் பான்கேக் பாகில் நீர் 38 கிராம். ஆற்றல் ஏறத்தாழ 234 கலோரி. கார்போஹைட்ரேட் 61 கிராமுக்கு மேல். நார்ச்சத்தும் புரதமும் வைட்டமின் சியும் கணக்கில் கொள்ளத்தக்க அளவில் இல்லை. பொட்டாசியம் 15 மில்லிகிராம், கால்சியம் 3 மில்லிகிராம் என்னும் அளவிலேயே உள்ளன. எதிர்பாராத ஒன்றும் இதில் உண்டு. இனிப்பான இப்பாகில் நூறு கிராமுக்கு 80 மில்லிகிராம் அளவில் சோடியம் உள்ளது. உப்புச் சேர்க்காத டப்பாத் தக்காளியில் உள்ளதோ ஏறத்தாழ 10 மில்லிகிராமே.

உண்மையான மேப்பிள் பாகின் நிலை யாது என வினவலாம். அதுவும் பெரும்பகுதி சர்க்கரையே. நூறு கிராமுக்கு 260 கலோரி தருவது. ஆயினும் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பொட்டாசியமும், 100 மில்லிகிராம் அளவில் கால்சியமும், குறிப்பிடத்தக்க மாங்கனீசும் அதில் உள்ளன. மரத்திலிருந்து வந்தவற்றில் சில அதில் எஞ்சியுள்ளன. அதனால் அதனைச் சத்துணவு எனக் கொள்ளுதல் ஆகாது. கரண்டி அளவில் உண்ணும் பொருளிலிருந்து தாதுக்களைப் பெரிதாக எதிர்பார்க்க இயலாது.

பரிமாறும் அளவு

எவரும் நூறு கிராம் என்று நிறுத்து உண்பதில்லை. ஆகவே அமெரிக்க ஒட்டுச்சீட்டுகள் ஒருமுறை பரிமாறும் அளவைக் கொண்டு கணக்கிடுகின்றன. பாகிற்கு இரண்டு மேசைக்கரண்டி. அது ஏறத்தாழ 100 கலோரி. தக்காளிக்கு அரைக் கோப்பை. அது 20 முதல் 25 கலோரி. பான்கேக் அடுக்கின்மேல் பாகு ஊற்றுபவர் இரண்டு கரண்டியோடு நிறுத்துதல் அரிது என்பதையும் உடன் கருத வேண்டும்.

இதனையே மறுபுறமாக நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நூறு கலோரியைத் தக்காளியிலிருந்து பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 600 கிராம் உண்ண வேண்டும். அதாவது அந்நாட்டில் வழக்கமான 411 கிராம் டப்பாவில் ஒன்றரை. அவ்வளவு தக்காளியில் ஒரு பெரியவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சியின் பெரும்பகுதியும், ஆயிரம் மில்லிகிராமுக்கு மேற்பட்ட பொட்டாசியமும், ஆறு கிராமுக்குக் குறையாத நார்ச்சத்தும் கிடைக்கும். அதே நூறு கலோரி பாகில் இரண்டு கரண்டியில் முடிந்துவிடும். இனிப்பைத் தவிர வேறொன்றும் எஞ்சாது. கலோரி என்னும் ஒற்றை எண்ணைக் கொண்டு உணவை மதிப்பிடுதல், பக்க எண்ணிக்கையைக் கொண்டு நூலை மதிப்பிடுதல் போன்றது.

வெப்பம் கொண்டதும் கொடுத்ததும்

சூடேற்றிய காய்கனியில் சத்து அழிந்துவிடும் என்பது பரவலான கருத்து. அதில் பாதி உண்மை உண்டு. 2002ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 88 பாகை செல்சியசில் 2, 15, 30 நிமிடங்கள் சூடேற்றி ஆராய்ந்தனர். வைட்டமின் சி முறையே 10, 15, 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் என்னும் பொருளின் அளவு குறையவில்லை. பிரித்தெடுக்கத்தக்க லைக்கோபீன், பச்சைத் தக்காளியில் இருந்ததைவிட மிகுந்தே காணப்பட்டது. தக்காளியின் திசு அறைகளுக்குள் கட்டுண்டு கிடந்த அப்பொருள், வெப்பத்தால் அறைச் சுவர்கள் சிதையும்போது வெளிப்படுகின்றது. அது கொழுப்பில் கரைவது. ஆகவே சிறிது எண்ணெயோடு சமைத்து உண்ணும்போது உடல் அதனை எளிதில் ஏற்கின்றது. தக்காளியை எண்ணெயில் வதக்கிக் குழம்பு கூட்டும் நம் வழக்கம் இவ்வுண்மைக்கு இயைந்தது.

பதப்படுத்துதல் என்னும் ஒரே சொல் இரு வேறு செயல்களைக் குறிப்பதை இங்குக் காண்கின்றோம். தக்காளியைப் பதப்படுத்தும்போது சில சத்துகள் குறைகின்றன. சில எளிதில் கிட்டுகின்றன. தக்காளி தக்காளியாகவே இருக்கின்றது. மக்காச்சோளம் பாகாகும்போதோ அதன் தவிடு, முளை, புரதம், நார் ஆகிய அனைத்தும் பிரிக்கப்பட்டு, மாவுச்சத்து மட்டும் எடுக்கப்பட்டு, அதுவும் சர்க்கரையாக மாற்றப்படுகின்றது. முன்னது காத்தல், பின்னது மாற்றுதல்.

உப்பும் சர்க்கரையும்

தக்காளி முற்றிலும் குற்றமற்றது எனக் கூறுதலும் நடுநிலை ஆகாது. உப்புச் சேர்த்த டப்பாத் தக்காளியில் நூறு கிராமுக்கு 115 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ சோடியம் உண்டு. குருதி அழுத்தம் உடையோர் ஒரு டப்பா முழுவதையும் குழம்பில் இடும்போது இதனைக் கணக்கிட வேண்டும். உப்புச் சேர்க்காத வகையும் கடைகளில் உண்டு. சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியவர்க்குத் தக்காளியே அளவோடு கொள்ளத்தக்கது. புடைத்த டப்பாவையும் கசியும் டப்பாவையும் எவரும் உண்ணாது விலக்க வேண்டும்.

சர்க்கரையின் கணக்கில் ஒரு நுட்பம் உள்ளது. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் வழியாக, 1994 முதல் அமெரிக்காவில் பொதியிட்ட உணவுகளில் சத்து அட்டவணை கட்டாயமாயிற்று. 2016ஆம் ஆண்டில் அவ்வட்டவணை திருத்தப்பட்டபோது 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்னும் தனி வரி புகுத்தப்பட்டது. இதனால் தக்காளியின் இயற்கைச் சர்க்கரையும் பாகின் சர்க்கரையும் வெவ்வேறாகத் தெரியலாயின. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர்க்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் மேல் வரம்பாக அது குறிப்பது 50 கிராம். ஆயினும் அட்டவணையில் சர்க்கரை என்று எண்ணப்படுபவை ஓரலகு, ஈரலகுச் சர்க்கரைகள் மட்டுமே. மக்காச்சோளப் பாகில் அவற்றினும் நீண்ட குளுக்கோஸ் சங்கிலிகள் உண்டு. அவை சர்க்கரை வரியில் இடம்பெறா. கார்போஹைட்ரேட் வரியில் மட்டும் சேரும். வயிற்றுக்குள் சென்றதும் அவையும் விரைவில் குளுக்கோஸாகவே சிதையும். எனவே நீரிழிவுடையோர் சர்க்கரை வரியோடு நில்லாமல், மொத்தக் கார்போஹைட்ரேட் வரியையும் படித்தல் இன்றியமையாதது.

அதே திருத்தத்தில், வைட்டமின் சியைக் குறிப்பிடும் கட்டாயம் நீக்கப்பட்டது. பொட்டாசியத்தைக் குறிப்பிடுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே தக்காளி டப்பாவில் வைட்டமின் சி எழுதப்படவில்லை என்பதனால் அது இல்லை என்று பொருள் கொள்ளலாகாது.

ஒரே பாகு சில வேளை உயிர் காக்கும் என்பதையும் மறத்தல் கூடாது. மருந்து எடுக்கும் நீரிழிவு நோயாளிக்குக் குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழும்போது, விழுங்கும் நிலையில் அவர் இருந்தால், விரைவில் சேரும் இனிப்பு ஏறத்தாழ 15 கிராம் தருதல் முதலுதவி. அப்போது ஒரு மேசைக்கரண்டிப் பாகு செய்யும் வேலையை டப்பாத் தக்காளி செய்யாது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனைப் பற்றிச் சொல்லும் முன்னர், உணவின் அளவையும் உண்பவரின் செரிமான நிலையையும் பற்றியே மிகுதியாகப் பேசுவது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

கொடைத் தட்டில்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். அமெரிக்க உணவு வங்கிகளின் கூட்டமைப்பாகிய ஃபீடிங் அமெரிக்கா 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, உணவுதவி பெறும் குடும்பங்களில் 33 விழுக்காட்டில் நீரிழிவு உடையோர் ஒருவரேனும் உள்ளனர் என்றும், 58 விழுக்காட்டில் உயர் குருதி அழுத்தம் உடையோர் உள்ளனர் என்றும் தெரிவித்தது. பசித்தோர் என்று நாம் எண்ணுபவர் பலர், பசியோடு நோயும் உடையவர். அவர்கள் வாங்கிச் செல்லும் பையில் பாகு இருப்பதற்கும் உப்புக் குறைந்த தக்காளி இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, சுவை பற்றியது மட்டுமன்று, நலம் பற்றியது.

இதனை உணர்ந்து, 2020ஆம் ஆண்டில் கொடை உணவுகளுக்கான சத்து வழிகாட்டி ஒன்று அந்நாட்டில் வெளியிடப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பு, சோடியம், சேர்க்கப்பட்ட சர்க்கரை ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, உணவுகளை 'அடிக்கடி', 'சில வேளை', 'அரிதாக' என அது மூன்றாகப் பகுக்கின்றது. பரிமாறும் அளவொன்றில் 230 மில்லிகிராமுக்கு மேற்படாத சோடியமும், சேர்க்கப்பட்ட சர்க்கரை அறவே இன்மையும் உடைய டப்பாக் காய்கனிகள் முதல் வகையில் இடம்பெறுகின்றன. எடையை மட்டும் எழுதிய ஏடு, இவ்வாறு தன்மையையும் எழுதத் தொடங்கியது.

பசித்தவனுக்கு ஆற்றலும் வேண்டும். தக்காளியை மட்டும் கொண்டு எவரும் வாழ இயலாது என்று கூறலாம். அது உண்மையே. ஆனால் அவ்வாற்றலை அரிசி, பயறு, கோதுமை, எண்ணெய் ஆகியன தரும். தரும்போது வேறு சத்துகளையும் உடன் தரும். அவற்றோடு சேரும் தக்காளி ஒரு வேளை உணவாகின்றது. அவற்றோடு சேர்ந்தாலும் பாகு இனிப்பாகவே நிற்கின்றது.

நம் கடைகளில்

பான்கேக் பாகு நம் ஊர் இல்லங்களில் மிகுதியாகப் புழங்குவதன்று. ஆயினும் இவ்வொப்பீடு தரும் பயிற்சி நமக்கும் உரியது. தக்காளிக் கெச்சப் புட்டி ஒன்றை எடுத்து நோக்குக. தக்காளி விழுதோடு சர்க்கரை, வினிகர், உப்பு ஆகியன அதில் சேர்கின்றன. அமெரிக்க அட்டவணைப்படி அதில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரை உண்டு. தக்காளி என்னும் பெயரையும் செந்நிறத்தையும் வைத்துக்கொண்டே, அது தக்காளியின் பக்கத்திலிருந்து பாகின் பக்கத்திற்கு நகர்ந்துவிடுகின்றது. குழந்தைகள் விரும்பி உண்ணும் பொருள் இதுவாதலின் பெற்றோர் கருத்தில் கொள்ளத்தக்கது.

இந்தியாவிலும் பொதியிட்ட உணவுகளில் மூலப்பொருள்கள் மிகுதியானது முதலாக இறங்கு வரிசையில் எழுதப்படுகின்றன. 2020ஆம் ஆண்டின் ஒட்டுச்சீட்டு விதிமுறைகள் நூறு கிராம் அல்லது நூறு மில்லிலிட்டர் அளவில் சத்துகளைத் தருமாறு பணிக்கின்றன. இரு பொருள்களை ஒப்பிட இது எளிய வழி. மேற்படிப்புக்காக அயல்நாடு செல்லும் நம் மாணவர்களோ, பரிமாறும் அளவை முதலில் பார்த்து, அதன் பின்னரே மற்ற எண்களைப் படிக்கப் பழகுதல் நன்று.

முடிவுரை

டப்பாத் தக்காளியும் பான்கேக் பாகும் எடையால் நிகராகலாம், விலையால் நிகராகலாம், நெடுநாள் கெடாமையால் நிகராகலாம். சத்தால் நிகராகா. ஒன்று, கனியொன்றைக் காலத்தைக் கடந்து காத்துத் தருகின்றது. மற்றொன்று, தானியத்திலிருந்து இனிப்பை மட்டும் பிரித்தெடுத்து, நிறமும் மணமும் ஊட்டித் தருகின்றது. பெயர் எதனைச் சொல்கின்றது, மூலப்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது எது, எந்த அளவுக்கு இந்த எண்கள் என்னும் மூன்று வினாக்களை எழுப்புபவர், எந்நாட்டுக் கடையிலும் எப்பொருளையும் தாமே மதிப்பிட்டுக்கொள்வர்.

நூலைப் படித்தறியக் கற்ற மாணவர்க்கு ஒட்டுச்சீட்டைப் படித்தறிதல் அரிதன்று. இல்லத்தில் நீரிழிவாலோ குருதி அழுத்தத்தாலோ வருந்தும் பெரியவர் இருப்பின், சிறிய எழுத்தில் அச்சிட்ட அவ்வரிகளை அவர்க்குப் படித்துக் காட்டுதல், கற்ற கல்வியால் அவர் செய்யத்தக்க உதவிகளுள் ஒன்று. பிறர்க்கு உணவு கொடுக்கும் பேறு பெற்றவர், பையில் இடும் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து இடுவாராயின், அக்கொடை பெறுபவரின் பசியைத் தீர்ப்பதோடு அவர் உடலையும் காக்கும்.